நான்காம் எண் பாட்டில்கள்

எங்கள் ஆய்வகத்தில் சுப்புத்தாய்க்கு எண் நான்கு. அங்கே செடி மாற்றும் ஏழு பெண்களுக்கும் ஆளுக்கோர் எண் உண்டு. பாட்டில் மூடியில் பெயர் எழுத இடம் போதாது என்பதால் எண்ணையும் தேதியையும் மட்டும் மார்க்கர் பேனாவால் எழுதுவார்கள். ஒவ்வோர் எண்காரர் வைத்த பாட்டில்களிலும் நூற்றுக்கு எத்தனை பூஞ்சை பிடித்துக் கெட்டன என்று வாரம் ஒருமுறை நான் வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். வளர்ப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கும். ஒன்பது, பன்னிரண்டு, பதினான்கு என்று ஏறி இறங்கும் அந்த வரிசையில் நான்குக்கு நேராக எப்போதும் இரண்டு. சில வாரம் ஒன்று.

அந்த இரண்டை நான் நம்பவில்லை. அதனால் என்ன நடந்தது என்று சொல்லாமல் சுப்புத்தாயைப் பற்றி என்னால் எழுத முடியாது.

ஆய்வகம் சித்தையன்கோட்டையிலிருந்து செம்பட்டி போகும் வழியில் இருக்கிறது. முன்பு கோழிப்பண்ணையாக இருந்த கட்டடம். நாங்கள் அங்கே பெருக்குவது செங்காந்தள். எங்கள் பக்கம் கண்வலிப்பூ என்பார்கள். அதன் விதை மூட்டுவலி மருந்துக்குப் போகிறது என்பதால் ஒட்டன்சத்திரம், கன்னிவாடிப் பக்கங்களில் பந்தல் கம்பி கட்டி அதைப் பயிராகவே வைக்கிறார்கள். நடுவதற்குக் கிழங்கு வேண்டும். ஒரு கிழங்கு அடுத்த வருடம் ஒன்றோ இரண்டோதான் ஆகும், அதிலும் பாதி மண்ணுக்குள்ளேயே அழுகும். அதனால் நல்ல கிழங்கின் முளைநுனியைக் கிள்ளி, சர்க்கரையும் சில உப்புகளும் சேர்த்துக் காய்ச்சிய கூழில் வைத்து, பாட்டிலுக்குள்ளேயே அதைப் பத்தாக, நூறாக ஆக்குகிறோம். வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடி மேடைக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்பிரிட் விளக்கில் காட்டிய இடுக்கியால் செடியைப் பிரித்துப் புதுப் பாட்டிலில் வைத்து, மூடி, மூடியைச் சுற்றி மெல்லிய பிளாஸ்டிக் தாளை இழுத்து ஒட்டிவிட வேண்டும். பிறகு குழல் விளக்கு எரியும் குளிர்ந்த வளர்ப்பறைத் தட்டுகளில் அடுக்குவோம். அந்தக் கூழ் செடிக்கு மட்டும் பிடித்த சாப்பாடு இல்லை. காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்து ஒன்று உள்ளே விழுந்தால் போதும், நாலைந்து நாளில் பாட்டிலுக்குள் பஞ்சு அடைத்ததுபோல் ஆகிவிடும்.

நான் அங்கே சூப்பர்வைசர். அப்பா தேங்காய் உரிக்கிறவர், அம்மா களை எடுக்கப் போகிறவர். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். காந்திகிராமத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒன்றரை வருடம் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்த பிறகு கிடைத்த வேலை இது. சேர்ந்த முதல் மாதம் வேலை பழக நானும் மேடையில் உட்கார்ந்து பாட்டில் வைத்தேன். என் கணக்கு நூற்றுக்குப் பதினொன்று.

சுப்புத்தாய்க்கு நாற்பத்தொரு வயது. கன்னிவாடிக்குப் பக்கத்துக் கிராமம், எட்டாவதோடு நின்ற படிப்பு. கணவர் ஒச்சப்பன் போர் போடும் ரிக் வண்டியில் போனால் வீடு திரும்ப இரண்டு மாதம், மூன்று மாதம் ஆகும். மகள் புவனேஸ்வரி திண்டுக்கல்லில் நர்சிங் இரண்டாம் ஆண்டு. ஆய்வகத்துக்கு வருவதற்கு முன் பதினெட்டு வருடம் கண்வலித் தோட்டங்களில் பூ தொடும் வேலை, அதாவது கையால் மகரந்தம் சேர்க்கும் வேலை செய்தவர். அது வருடத்தில் மூன்று மாதத்துக்குத்தான் உண்டு. மீதி மாதங்களில் கிடைத்த வேலைக்குப் போக வேண்டும். ஆய்வக வேலை பன்னிரண்டு மாதமும் உண்டு. வேன் வந்து கூட்டிப்போகும். மகளைப் படிக்க அனுப்பிய தைரியமே இந்த வேலைதான் என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லி நான் கேட்டது அன்று ஒருநாள்தான்.

சந்தேகத்தை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் கீர்த்தனா. ஏழு பேரில் இளையவள், எண் ஆறு. ஒரு சனிக்கிழமை நான் பலகையில் எழுதும்போது பின்னால் வந்து நின்றாள்.

“ஏங்க்கா, பூஞ்சைக்கும் நாலாம் நம்பருக்கும் ஏதும் சொந்தமா? அவங்க பாட்டிலுக்கு மட்டும் வாரதே இல்ல.”

சிரித்துவிட்டுப் போனேன். ஆனால் அந்தச் சிரிப்பு அன்று மாலை வரைகூட என்னிடம் நிற்கவில்லை. மூடியில் இருக்கும் எண் மார்க்கரில் எழுதியது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போய்விடும். கெட்ட பாட்டிலில் இருக்கும் நான்கை அழித்து ஆறு என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஏழு மேடைகளிலும் ஸ்பிரிட்டும் பஞ்சும் எந்நேரமும் இருக்கின்றன.

அந்த வாரமே முதலாளி மோகன்குமார் சாரும் கூப்பிட்டார். ஒட்டன்சத்திரத்துக்காரர், விதை வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். கோபத்திலும் மரியாதை குறையாமல் பேசுவார். அதனாலேயே அவர் கோபமாக இருக்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஆறு மாதம் ஆனது.

“ஏனுங்க ஸ்ரீமதி, நீங்க உக்காந்து செஞ்சப்ப எத்தனை வந்துச்சுங்க?”

பதினொன்று என்றேன்.

“எம்.எஸ்ஸி. படிச்ச உங்களுக்குப் பதினொண்ணு. எட்டாவது படிச்ச அம்மாவுக்கு ரெண்டு. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. எப்படின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

எண்ணை மாற்றுகிறவர் யாராக இருந்தாலும் இங்கே வேலை செய்ய முடியாது என்பதையும் அதே மரியாதையோடு சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். பார்க்கத் தொடங்கினால் எல்லாமே தப்பாகத் தெரியும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வேன் வந்ததும் மற்றவர்கள் வாசலில் நின்று பேசிவிட்டு உள்ளே வருவார்கள். சுப்புத்தாய் இறங்கிய உடனே உடை மாற்றும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே வர நேரமாகும். கையில் ஒரு ஒயர் கூடை, ஒரு ஆள் சாப்பாட்டுக்கு ரொம்பவும் பெரியது. மேடையில் உட்கார்ந்தால் யாரோடும் பேசமாட்டார். முகக்கவசத்துக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பதுபோல் துணி லேசாக அசையும், நிற்கும், அசையும். மந்திரம் போடுகிறார் என்றாள் கீர்த்தனா. வேலை தொடங்குமுன் வளர்ப்பறைக்குப் போய்த் தன் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார். அப்படிப் பார்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. நான் உள்ளே போனால் கையில் இருப்பதைத் தட்டில் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பார்.

இவற்றில் ஒன்றையாவது அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன். கேட்டு, அவர் சரியான பதில் சொல்லிவிட்டால், என் பதினொன்று பதினொன்றாகவே நின்றுவிடும் என்பதாலோ என்னவோ.

எண்ணை அழித்தாலும் அழியாத ஓர் அடையாளம் வேண்டும். ஸ்பிரிட்டுக்குப் போகாதது, அவர் கண்ணில் படாதது. பாட்டிலின் அடியில் வைக்க முடியாது, கூழ் கலங்கியிருக்கிறதா என்று எல்லோரும் அடியில்தான் பார்ப்பார்கள். கல்லூரிக் கடைசி நாள் விழாவுக்கு வாங்கிய நெயில் பாலிஷ் வீட்டில் கிடந்தது. அதை எடுத்துவந்தேன். ஒரு திங்கள்கிழமை மாலை, வேனுக்காகப் பெண்கள் வாசலுக்குப் போன பிறகு, அன்று சுப்புத்தாய் வைத்த நூற்றிருபது பாட்டிலில் நாற்பதைத் தனியாக எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் தாளைப் பிரித்தேன். மூடியைக் கால் திருகு தளர்த்தி, மூடியின் விளிம்பு மறைக்கிற இடத்தில் கண்ணாடிக் கழுத்தில் ஒரு புள்ளி வைத்தேன். திரும்ப இறுக்கித் தாளைச் சுற்றினேன். கையை ஸ்பிரிட்டால் துடைத்திருந்தேன், மூடியை முழுதாகத் திறக்கவும் இல்லை. அது போதும் என்று நினைத்தேன். இதையே ஒரு தொழிலாளி செய்திருந்தால் அன்றே முதலாளிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

இடையில் வேன் ஹாரன் அடித்தது. நானும் அதில்தான் போக வேண்டும். நாற்பதையும் மேல்தட்டுக்கு மாற்றி வைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலையிலேயே அவர் வந்து கேட்டார்.

“நேத்து வச்சதுல நாப்பது எடத்துல இல்லயே மேடம்.”

சோதனைக்கு எடுத்திருக்கிறேன் என்றேன். என்ன சோதனை என்று அவர் கேட்கவில்லை. மேல்தட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். அந்தப் பார்வையையும் நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை எண்ணினேன். நாற்பதில் முப்பத்தொன்று பூஞ்சை. நூற்றுக்கு எழுபத்தெட்டு. அந்தப் பஞ்சைப் பார்த்து எனக்கு வந்தது வருத்தம் இல்லை, ஒருவித நிம்மதி. பிறகு தாளைப் பிரித்துப் புள்ளிகளைப் பார்த்தேன். கெட்டவை அனைத்திலும் புள்ளி இருந்தது. நல்ல ஒன்பதில் இரண்டில் இருந்தது, ஏழில் இல்லை. ஏழு நல்ல பாட்டில்கள், மூடியில் நான்கு என்ற எண், கழுத்தில் புள்ளி இல்லை. அப்படியானால் அவை வேறு யாருடையவையோ. தன் கெட்ட பாட்டில்களை எடுத்துவிட்டு அடுத்தவர் பாட்டிலில் தன் எண்ணை எழுதி வைத்திருக்கிறார். நான் கவனிப்பது தெரிந்ததால் ஏழோடு நிறுத்தியிருக்கிறார். எல்லாம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. தட்டில் இருந்த மீதி எண்பதை நான் எண்ணவே இல்லை. மாதிரி எடுத்தால் போதும் என்று புள்ளியியல் வகுப்பில் படித்திருந்தேன்.

பலகையில் நான்குக்கு நேராக எழுபத்தெட்டு என்று எழுதினேன். இரண்டு கெட்ட பாட்டில்களோடு முதலாளி அறைக்குப் போனேன். அவர் சுப்புத்தாயைக் கூப்பிட்டனுப்பினார்.

சுப்புத்தாய் வந்து நின்றார். முதலாளி விஷயத்தைச் சொன்னதும் மேசையிலிருந்த பாட்டிலைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார்.

“பூஞ்சை வெளிம்புல இருந்து எறங்கியிருக்கு சார். நான் வச்சதுல வந்திருந்தா செடி தூர்லயிருந்துல்ல கெளம்பும். இது மூடிப்பக்கமா வந்தது.”

“அப்ப மூடிய யாருங்கம்மா தொட்டாங்க? பேரச் சொல்லுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

“பாக்காததச் சொல்லமாட்டேன் சார்” என்றார்.

திங்களிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொன்னார். சுப்புத்தாய் வெளியே போய் ஒயர் கூடையை எடுத்துவந்து, கேட்காமலேயே அதிலிருந்த எல்லாவற்றையும் மேசைமேல் எடுத்து வைத்தார். சாப்பாட்டு டப்பா, வெஞ்சனக் கிண்ணம், தண்ணீர் பாட்டில், சுருட்டிய ஒரு நூல் சேலை. சமைத்த சேலையோடும் வேனில் உட்கார்ந்து வந்த சேலையோடும் மேடைக்குப் போனால் தூசி போகும் என்று தினமும் ஒரு துவைத்த சேலை கொண்டுவருவதாகச் சொன்னார். என்னிடமோ முதலாளியிடமோ சொன்னதுபோல் இல்லை, சேலையிடம் சொன்னதுபோல் இருந்தது. திரும்ப எல்லாவற்றையும் கூடைக்குள் அடுக்கிக்கொண்டு போனார். வளர்ப்பறைக் கதவருகே பலகைக்கு முன்னால் சற்று நேரம் நின்றதை உள்ளிருந்தே பார்த்தேன்.

நாங்கள் ஏழு பேருக்கும் கொடுத்திருந்த வெள்ளைக் கோட்டுக்குள் மற்ற ஆறு பேரும் வீட்டுச் சேலையோடும் சுடிதாரோடும்தான் உட்காருகிறார்கள். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் வாயைத் திறக்கவில்லை. சேலை ஒரு சாட்சி ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கள் காலை, கெட்ட பாட்டில்களைக் குக்கரில் வேகவைத்துக் கழுவ அனுப்ப வேண்டும். எத்தனை என்று குறிக்கப் போனில் குறிப்புப் பக்கத்தைத் திறந்தேன். மேலே நானே ஒரு வாரத்துக்கு முன் எழுதியது இருந்தது. “33 முடிஞ்சது. மீதி 7 நாளைக்கு.”

வேன் ஹாரன் நினைவுக்கு வந்தது. அந்த ஏழுக்கும் நான் புள்ளி வைக்கவே இல்லை. மறுநாள் வைக்க நினைத்து மறந்தேன். நான் மூடியைத் திருகாத ஏழும் சுத்தமாக இருந்தன. திருகிய முப்பத்து மூன்றில் முப்பத்தொன்று கெட்டிருந்தது.

தட்டுக்கு ஓடினேன். அவர் அதே நாள், அதே கூழில், அதே இடுக்கியால் வைத்த மீதி எண்பது பாட்டில்கள் வரிசையாக நின்றன. கெட்டது இரண்டு. ஒவ்வொன்றாகக் குழல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன், அவர் பார்ப்பதுபோலவே. உள்ளே விரல் நீளத்தில் பச்சைச் செடிகள். இலை நுனிகள் பற்றுக்கம்பிபோல் சுருளத் தொடங்கியிருந்தன.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். பாலிஷ், திருகியது, குறிப்பு, எல்லாம். போனையும் காட்டினேன். அவர் போனைக் கையில் வாங்கவில்லை.

“அந்தம்மா உங்களுக்குச் சொந்தங்களா?”

இல்லை என்றேன்.

“வீட்டுக்கு வந்து அழுதாங்களா?”

அதுவும் இல்லை என்றேன்.

“சனிக்கிழமை நீங்க சொன்னத நம்புனேன். அது பொய்யிங்கிறீங்க. இன்னைக்குச் சொல்றது நெசம்னா நாளைக்கு வந்து என்னங்க சொல்வீங்க?”

ஆய்வகத்துக்கான அரசாங்கச் சான்றிதழ்த் தாள்களில் பொறுப்பாளர் என்று என் கையெழுத்து இருப்பதால் நான் வேலையில் இருக்கலாம் என்றார். நான்காம் மேடைக்கு வேறு ஆள் சொல்லியாகிவிட்டது, வளர்ப்பறைச் சாவி இனி அவரிடமே இருக்கும் என்றும் சொன்னார். மறுநாளே அறைக்குள் ஒரு கேமரா வந்தது. அது தட்டுகளைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தது. அந்தக் கதவு வழியாக அதிகம் போய்வருகிறவள் நான்.

தப்புச் செய்தவள் உள்ளே, செய்யாதவர் வெளியே. நடுவில் இருந்தது என் பட்டம். அப்பா அதைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறார். அந்த வாரம் சாப்பிடும்போது அதற்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்தேன்.

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டுக் கன்னிவாடிக்குப் பஸ் ஏறினேன். ஐப்பசி பிறந்து சில நாள், பூ தொடும் பருவம். டீக்கடையில் கேட்டதும் தோட்டத்தைக் காட்டினார்கள். மலையடிவாரத்தில் நெஞ்சுயரக் கம்பி வரிசைகளில் கொடிகள் ஏறி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக ஆயிரக்கணக்கில் பூக்கள். மூன்று பெண்கள் தூரத்து வரிசைகளில் இருந்தார்கள். சுப்புத்தாய் தனியாக, இரண்டு கொடி வரிசைக்கு நடுவே ஒரு சாலில், மூக்கை மூடித் துண்டைக் கட்டிக்கொண்டு நகர்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிற்கவில்லை.

“என்னத்தா, கையெழுத்து எதுவும் வாங்கிட்டு வரச் சொன்னாரா?”

“இல்லக்கா, நானாத்தான் வந்தேன்.”

“நானா வந்தேன்னு சொல்றவங்களப் பாத்தாத்தான் பயமா இருக்கு” என்றார்.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை அது. சாலுக்கு இந்தப் பக்கம் நான் அவர்கூடவே நடந்தேன். கண்வலிப்பூவில் மகரந்தத் தண்டுகள் ஒரு பக்கம் விரிந்திருக்கும், சூலகத் தண்டோ அடியிலேயே ஒடிந்து வேறு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டும் தானாகத் தொட்டுக்கொள்வது அபூர்வம். ஒரு பூவின் தூளை எடுத்து இன்னொரு பூவின் நுனியில் தொட்டால்தான் நிச்சயமாகக் காய் பிடிக்கும். இதைப் படம் வரைந்து பரீட்சையில் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒருவர் கையால் அதைச் செய்வதைப் பார்த்தது அன்றுதான். அவர் பூவுக்குக் கையைக் கொண்டுபோகும்போது மூச்சை நிறுத்தினார். தொட்டார். கையை எடுத்த பிறகு முகத்தை வேறு பக்கம் திருப்பி மூச்சை மெதுவாக விட்டார். துண்டு லேசாக அசைந்தது, நின்றது. அடுத்த பூ. மேடையில் முகக்கவசத்துக்குப் பின்னால் நடந்த மந்திரம் இதுதான்.

கேட்டேன். மூச்சுப் பட்டால் தூள் பறந்துவிடும், பதினெட்டு வருடப் பழக்கம், அங்கேயும் தானாக வந்துவிட்டது என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே பத்துப் பதினைந்து பூக்கள் தொட்டார். பிறகு நின்றார்.

“நெகப்பாலீசா?”

“ஆமாக்கா.”

“என்ன கலரு?”

“ரோஸ்.”

“அம்புட்டுப் படிச்சுப்புட்டு ரோஸ் பாலீசு வச்சு என்னயப் பிடிக்கப் பாத்திருக்க.” சிரித்தார். சிரிப்பு உடனே நின்றுவிட்டது.

இந்தத் தோட்டத்திலும் இப்படித்தான் என்று சொன்னார். ஒரு வருடம் அவர் தொட்ட சாலில் காய் கூடுதலாகப் பிடித்தது. பக்கத்துச் சாலுக்காரி, தன் சால் பூக்களைச் சுப்புத்தாய் ஒடித்துப்போட்டதாகச் சொன்னாள். தோட்டக்காரர் இரண்டு நாள் வரப்பில் உட்கார்ந்து காவல் பார்த்தார். காவல் முடிந்தது, ஆனால் யாரும் வந்து தாங்கள் நினைத்தது தப்பு என்று சொல்லவில்லை. அந்தக் காயைப் பார்த்துத்தான் விதை வாங்க வந்த மோகன்குமார் சார் அவரை ஆய்வகத்துக்குக் கூப்பிட்டார்.

முதலாளியிடம் சொல்லிவிட்டேன், அவர் நம்பவில்லை, திரும்பவும் பேசிப் பார்க்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எனக்கு உன் வருத்தம் வேணாந்த்தா. பலகையில எம்பேருக்கு நேரா எழுபத்தெட்டுனு எழுதுன பாரு, அதச் சரி பண்ணு. அந்தப் பிள்ளைக அம்புட்டும் பாத்துச்சுக.”

சரி என்றேன். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. வெயில் ஏறியிருந்தது. அவர் வரப்பிலிருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டினார். கொடி, பூ எதையும் தொட்டிருந்தால் கையைக் கழுவிவிட்டுக் குடி, எல்லாம் விஷம் என்றார். குடித்துவிட்டுத் திரும்பியபோது அவர் ஐந்தாறு பூ தள்ளிப் போயிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை, பெண்கள் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது பலகைக்கு முன்னால் போய் நின்றேன். எழுபத்தெட்டு அப்படியே இருந்தது. அதை அழித்தேன். என் கை படாத எண்பத்தேழு பாட்டிலில் கெட்டவை இரண்டு என்ற கணக்கில் நான்குக்கு நேராக இரண்டு என்று எழுதினேன். ஏழாம் எண்ணுக்குக் கீழே புதிதாக ஒரு வரி போட்டேன். “சூப்பர்வைசர் ஸ்ரீமதி. மூடியைத் திருகியது 33, கெட்டது 31. நூற்றுக்கு 94.”

பெண்கள் ஒவ்வொருவராக வந்து படித்தார்கள். கீர்த்தனா மட்டும் இரண்டு முறை படித்துவிட்டு, அப்படியானால் தன் பாட்டிலையும் நான் திருகியிருக்கிறேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். “எப்படிக்கா நம்புறது?” என்றாள்.

முதலாளி பத்து மணிக்கு வந்தார். பலகைக்கு முன்னால் நின்று முழுவதையும் வாசித்தார். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அழிக்கச் சொல்வார் என்று மாலைவரை காத்திருந்தேன். சொல்லவில்லை.

நான்காம் மேடைக்கு வந்த புது ஆளின் கணக்கு முதல் வாரம் இருபத்தாறு, மூன்றாவது வாரம் பத்தொன்பது. நான்காவது வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, கன்னிவாடிக்கு வேனை அனுப்பட்டுமா என்று கேட்டார். வேன் போய்விட்டு ஆளில்லாமல் திரும்பியது. தோட்டக்காரரிடம் பருவம் முடியும்வரை வருவதாகச் சொல்லியிருக்கிறேன், இடையில் விட்டுவிட்டு வரமுடியாது, தை பிறந்ததும் பார்க்கலாம் என்று சுப்புத்தாய் டிரைவரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

பொங்கல் கழிந்த திங்கள்கிழமை வந்தார். நான்காம் மேடைப் புது ஆள் அதற்குள் நின்றுவிட்டிருந்தாள். அதே ஒயர் கூடை. உடை மாற்றும் அறையில் அதே நேரம். மேடையில் உட்கார்ந்து முதல் பாட்டிலை மூடி, தாளைச் சுற்றியதும் புதிதாக ஒன்று செய்தார். மார்க்கரை எடுத்துத் தாளின் ஓரத்திலிருந்து கண்ணாடிவரை இறங்கும்படி ஒரு கோடு போட்டார். கோட்டின் பாதி தாளில், பாதி கண்ணாடியில். யாராவது தாளைப் பிரித்துத் திரும்பச் சுற்றினால் இரண்டு பாதியும் சேராது. நூற்றிருபது பாட்டிலிலும் போட்டார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும்.

பாட்டில்கள் அடுக்கிய முதல் ட்ரேயை வளர்ப்பறைக்குக் கொண்டுபோக நான் கை நீட்டினேன். “இருக்கட்டும் மேடம்” என்று அவரே தூக்கிக்கொண்டார்.

இப்போது காலையில் அவர் தன் பாட்டில்களைப் பார்க்கும்போது நான் அறைக்கு வெளியே நிற்கிறேன். அவர் முடித்து வந்த பிறகுதான் உள்ளே போவது. கேமரா அதே இடத்தில் இருக்கிறது. இப்போது மற்ற ஆறு பேரில் நான்கு பேர் மாற்றுச் சேலையோ சுடிதாரோ கொண்டுவருகிறார்கள். கீர்த்தனாவும் பாட்டிலில் கோடு போடுகிறாள்.

போன வாரம் நான் கதவருகே நின்றிருந்தேன். சுப்புத்தாய் உள்ளேயிருந்து ஒரு பாட்டிலோடு வந்து அதை என் முகத்துக்கு நேராக நீட்டினார். கையில் கொடுக்கவில்லை.

“எனக்கு வெள்ளெழுத்து. கோடு சேந்துதான இருக்கு, பாருங்க.”

குனிந்து பார்த்தேன். தாளில் இருந்த பாதியும் கண்ணாடியில் இருந்த பாதியும் பிசகாமல் சேர்ந்திருந்தன. உள்ளே செடி புது இலை விட்டிருந்தது.

சேர்ந்துதான் இருக்கிறது என்றேன்.

அவர் பாட்டிலைத் தன் பக்கம் திருப்பி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்து இன்னொருமுறை தானே பார்த்துக்கொண்டார். பிறகு உள்ளே கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தார்.